காந்திமதியும் ஒரு படித் தவிடும்

காந்திமதியைத் தெருவில் பார்த்து, "நல்லா இருக்கியா காந்தி?" என்று கேட்டால், "ஏங்க்கா கேக்குறீங்க?" என்பாள். பதில் அவ்வளவுதான். நாம் ஏன் கேட்டோம் என்று வீடு போய்ச் சேரும்வரை யோசிப்பாள். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், இந்தக் குணத்தில் குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை.

பைபாஸ் ஓரம் தர்பூசணி விற்பவனிடம் போவாள். அறுத்துக் காட்டச் சொல்வாள். உள்ளே சிவப்பாக இருந்தால், "சாய ஊசி போட்டுக்கீறியா?" வெளுத்திருந்தால், "பிஞ்ச அறுத்துத் தலையில கட்டப் பாக்குறியா?" மரக்காணத்து உப்பை சைக்கிளில் கொண்டு வருகிறவர் படியைத் தட்டி அளந்தால் ஏன் தட்டினாய் என்பாள், தட்டாமல் அளந்தால் ஏன் தட்டவில்லை என்பாள். அந்த மனிதர் இவள் வாசலில் மணியடிக்காமலே போகப் பழகிவிட்டார். புருஷன் சவுரிராயன் லோடு வண்டி ஓட்டுகிறவன், வேதக்காரன், ஊரில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போவான். இவள் மாரியாத்தாவைக் கும்பிடுகிறவள். ஆனால் இரண்டு சாமியில் ஒன்றையும் முழுசாக நம்பியதில்லை. ஒன்று கைவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று கற்பூரமும் கொளுத்துவாள், மெழுகுவத்தியும் கொளுத்துவாள்.

வேலை மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை. உடைத்த கடலைப் பயறைப் பரப்பி, அதில் சொத்தையைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மேஸ்திரி பெரியசாமி ஒருநாள், "காந்திமதி கண்ணுல பட்டா ஒரு சொத்தை தப்பாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். வேறு ஒருத்தியாக இருந்தால் ஒரு வாரத்துக்குக் குளிர்ந்திருப்பாள். இவள் என்னிடம் வந்து, "எதுக்குக்கா அப்டி சொன்னான்? கூட ஒரு மூட்டை தள்ளிவுடப் பாக்குறானா?" என்று கேட்டாள்.

நான் பிரபாவதி. லேடீஸ் டெய்லர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். காந்திமதியைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் ஒரு தகுதி இருக்கிறது. அவள் பெற்ற பெண்ணை ஒரு படித் தவிட்டுக்கு விலைக்கு வாங்கியவள் நான்தான்.

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளை தங்காத வீட்டில் இப்படிச் செய்வது உண்டு. காந்திமதிக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பெற்று எடுத்துக்கொண்டு வந்தவுடன், குழந்தையை ஒரு முறத்தில் கிடத்தித் தெருமுனைக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நான் வழியோடு போகிறவள் மாதிரிப் போய், இது யாருடையது என்று விசாரிக்க வேண்டும். "யாரோ போட்டுட்டுப் போனது, தவுடு குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க" என்று அவள் சொல்ல வேண்டும். நான் ஒரு படி தவிட்டைக் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கி என் வீட்டுக்குள் போனேன். பிறகு அவள் பின்வாசலால் வந்து, வளர்க்கக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இது குப்பையில் கிடந்தது, யாரும் ஆசைப்பட்டுப் பெற்றதில்லை என்று எமன் நினைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவானாம். பள்ளிக்கூடத்துக்கு ரோஜா என்று பெயர் எழுதினார்கள். வீட்டில் பெயர் தவுடு.

மற்ற வீடுகளில் காதுகுத்து வரைக்கும்தான் இந்த நாடகம். அப்புறம் எல்லோருமே மறந்துபோவார்கள். காந்திமதி மறக்கவில்லை. அவள்தான் எதையும் நம்பமாட்டாளே, எமன் போய்விட்டான் என்பதை மட்டும் எப்படி நம்புவாள்? பிள்ளைக்கு ஒன்பது வயதாகியும் "எம் பொண்ணு" என்று அவள் வாயிலிருந்து ஒரு தரம் வந்து நான் கேட்டதில்லை. "அது" என்பாள். "அந்தப் பொண்ணு" என்பாள். யாராவது, "உன் பொண்ணு லட்சணமா கீறாளே" என்றால், "அது கெடக்குது, தவுட்டுக்கு வாங்கின சனி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சோறு போடுவாள், சீவிச் சிங்காரித்து அனுப்புவாள், காய்ச்சல் வந்தால் தூங்கமாட்டாள். ஒரு நல்ல வார்த்தை மட்டும் கிடையாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இவள் நெஞ்சில் ஈரமே இல்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிள்ளை எப்படி வளரும்? ஜூன் மாதம் யூனிஃபார்ம் தைக்க அளவெடுக்க வந்தாள். டேப்பைத் தோளில் வைத்தால் தோளைக் காணோம். இரண்டையும் முன்னால் சுருட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நிமுந்து நில்லுடி."

"நின்னுக்கினுதான் கீறேன் அத்தை."

"கிட்டப் பிடிக்கவா, லூசா வேணுமா?"

"எப்டினாலும் பரவால்ல அத்தை. எனக்குத்தான?"

எனக்குச் சுருக்கென்றது. குனிந்த அளவுக்குத் தைத்தால் நிமிர்கிற அன்றைக்கு முதுகில் பிடிக்கும். நிமிர்ந்த அளவுக்குத் தைத்தால் முன்னால் தொங்கும். தொங்கினால் தொங்கட்டும் என்று நிமிர்ந்த அளவுக்கே தைத்தேன். அளவெடுத்து முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள், "அத்தை, நீங்க என்னை நெசமாலுமே தவுட்டுக்கு வாங்கினீங்களா?" "ஆமா, ஒரு படி" என்றேன் நூலைக் கடித்துக்கொண்டே. அவள் சிரிக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது பள்ளியிலிருந்து அம்மாவை வரச் சொல்லி ஆள் வந்தது. காந்திமதி என் கடைக்கு ஓடி வந்தாள். "எதுக்குக்கா கூப்புடுறாங்க? எதுனா காணாமப் போச்சா? நம்ம புள்ளைங்க மேலதான பழி போடுவாங்க" என்று என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கலைப்பிரியா என்று ஒரு சின்ன வயது டீச்சர். கோலியனூர்ப் பெண், தினமும் விழுப்புரத்தில் ரயில் பிடித்து வருகிறவள்.

"உக்காருங்கம்மா. திட்டறதுக்குக் கூப்புடல" என்றாள் டீச்சர். காந்திமதி உட்காரவில்லை. டீச்சரே சொல்லிக்கொண்டு போனாள். "ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க அழுதா நாங்க ரோஜாவைத்தான் கூப்புடுறோம். பக்கத்துல குந்தி என்னமோ பேசுவா, அதுங்க சிரிச்சிடுதுங்க. ஆனா நீ நல்லா பண்ணேன்னு சொன்னா அவ நம்பவே மாட்டேங்கிறா. எதைக் குடுத்தாலும், எனக்கு வராது டீச்சர்னுதான் மொதல்ல சொல்றா. கணக்கு சரியா போட்டுட்டு அவளே அழிச்சிடுறா. வீட்ல எப்பனா நல்லா பண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. அம்மா சொன்னா நம்புவா."

காந்திமதி டீச்சரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "அதை ஆயா வேலைக்குப் பழக்குறீங்களா?" என்றாள்.

"அய்யோ, இல்லீங்கம்மா."

"பின்ன எதுக்குப் புகழுறீங்க?"

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. "காரணமில்லாம ஒருத்தி அடுத்தவ புள்ளையைப் புகழுவாளாக்கா? கோலியனூருலருந்து வர்றவளுக்கு இங்க இன்னா அக்கற?"

"சம்பளம் வாங்குறா, அக்கறப்படுறா" என்றேன்.

"சம்பளம் வாங்குற எல்லாரும் அக்கறப்படுறாங்களா?"

கொஞ்ச தூரம் வந்ததும் திடீரென்று நின்று, "நீங்கதான அந்த டீச்சர்கிட்ட சொல்லிவச்சீங்க?" என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போடி பேஜாரு புடிச்சவளே என்று திட்டிவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ரோஜா பள்ளி விட்டு நேரம் கழித்து வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். எங்கே போனாய் என்றால் எங்கேயும் போகவில்லை என்பாள். அடித்தாலும் அதே பதில். காந்திமதி அவள் தலையை மோந்து பார்த்தாள். சட்டையை உதறிப் பார்த்தாள். ஏதோ தூள் கொட்டியதாம், மாவு மாதிரியும் இல்லை, மண் மாதிரியும் இல்லையாம். கடைசியில் என் கடைக்கு வந்து மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"உங்க வூட்டுக்குத்தான் வருதா?"

"எங்க வூட்டுக்கு எதுக்குடி வருது?"

"வாங்கினவ நீங்கதான? இப்ப பாத்தியம் கொண்டாடுறீங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கத்திரிக்கோல் கையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. "எனக்கே ஒண்ணு பொறந்து ஒரகடத்துல வேலை பாத்துக்கினு, மாசத்துக்கு ஒரு போன் பண்ண மாட்டேங்குது. அதை வச்சே நான் அழுதுக்கினு கீறேன். உன்னுது எனக்கு எதுக்கு?" என்று கத்தினேன். அவள் அசையவில்லை. "அப்ப இன்னைக்கு நான் இங்கியே குந்திக்கினு பாக்குறேன்" என்றாள். மில்லுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தைத்த துணியைப் போட்டுப் பார்க்கும் இடத்துத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்து தொலை என்று விட்டுவிட்டேன்.

பள்ளி விட்டு வெகுநேரம் ஆனபிறகு, ரோஜா வந்தேவிட்டாள். என் நேரத்தைப் பாருங்கள். தலையெல்லாம் தூசு, கையில் ஒரு கேரி பேக்.

"அத்தை, யாருனா கீறாங்களா?"

"யாரும் இல்ல, வா" என்றேன். திரைக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கேரி பேக்கை மேசைமேல் வைத்தாள். திறந்து பார்த்தால் தவிடு.

"எதுக்குடி இது? என்கிட்ட மாடா கீது?"

"நீங்க குடுத்தது ஒரு படிதான அத்தை? இது அதுக்கு மேலயே வரும். வேணும்னா அளந்துக்குங்க. ரைஸ் மில்லுல பெருக்குற ஆயாவுக்குக் கூடமாட பெருக்கினேன், அவங்க குடுத்தாங்க. திருடல."

"சரி, அதுக்கு இன்னா இப்ப?"

"இதை எடுத்துக்கினு என்னை எங்க அம்மாவுக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. நான் உங்களுதுன்றதாலதான அவங்க என்னை எம் பொண்ணுன்னு சொல்றதில்ல?"

என் கால் பெடலிலேயே நின்றுவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் சொன்னாள். "அவங்க வேணாம்னுட்டாங்கன்னா, மறுபடி நீங்களே வச்சிக்குங்க. தவுட்டைத் திருப்பிக் கேக்க மாட்டேன்."

திரை விலகியது. காந்திமதி வெளியே வந்தாள். பெற்ற பிள்ளை அப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டபிறகு அவள் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "எந்த ஆயா? சும்மா எதுக்குத் தவுடு குடுத்தா?"

அடி பாவி, உன் சந்தேகத்தில் இடி விழ என்று நான் கூச்சல் போட்டேன். ஊசிமுனையளவு ஈரமாவது இருக்கிறதா, நீயெல்லாம் பெற்றவளா என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். ரோஜா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காந்திமதி வெட்டிப்போட்ட துணிக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்தாள்.

"மொதல்து பொறந்து மூணாம் நாளு, வார்டுல எல்லார்கிட்டயும் தூக்கித் தூக்கிக் காட்டினேன்க்கா. எம் பொண்ணு எப்டி கீது பாருங்கன்னு. சாயங்காலம் போயிடுச்சி. ரெண்டாவது, ஆறு மாசத்துல உக்காந்துச்சி. எம் புள்ள கெட்டிக்காரன்னு தெருவெல்லாம் சொன்னேன். அந்த வாரமே காய்ச்சலு. என் வாய்தான் ரெண்டையும் தின்னுச்சி. இதையும் தின்னக் குடுன்றீங்களா?"

குழந்தைகள் போனது எனக்குத் தெரியும். தன் வாய்தான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கோபமெல்லாம் வடிந்து அழுகை வந்துவிட்டது. ரோஜா சுவரை விட்டு மெதுவாக வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை, நின்றாள்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு எனக்கும் தெரியும் காந்தி" என்றேன். "ஆனா நீ வாயை மூடி மூடியே இது பாதி செத்துக்கீது. பாரு, எப்டி நிக்கிதுன்னு."

அவள் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள். குனிந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை என்று உறுதியானதும் திரும்பி, போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிறவள் குரலில், "நீ எம் பொண்ணுதான். நல்ல பொண்ணு" என்றாள். உடனே மூன்று தரம் தூ தூ என்று துப்பிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல்.

அந்த வாரம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். மழையில் ஊறிய சாக்கடை, கொசு. ஆனால் காந்திமதிக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? தலையை முடியாமல் என் கடை வாசலில் வந்து நின்றாள். "திருப்தியாக்கா உங்களுக்கு?" என்றாள். எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அன்றைக்கு யோசித்தேன்.

இருவருமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சீசன் காய்ச்சல், கஞ்சி கொடுங்கள், இறங்கிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். கொடுத்த மாத்திரையைக் காந்திமதி மோந்து பார்த்தாள். மருந்துக்கடைக்காரரிடம் காட்டிச் சரிபார்த்தாள். டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பாயில் படுக்க வைத்தோம். சவுரிராயன் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் பக்கம் போயிருந்தான். நான் கஞ்சி காய்ச்சினேன். காந்திமதி பிள்ளையின் வயிற்றில் ஒரு கையை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு கையால் முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். முடிந்தது, இனி இந்த ஜென்மத்தில் இவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அம்மா என்னை எம் பொண்ணு என்று சொன்ன மறுநாள்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது என்று நினைத்துக்கொண்டே அது கிழவியாகிவிடும்.

மத்தியானத்துக்கு மேல் ரோஜா கண்ணைத் திறந்தாள்.

"அம்மா."

"ம்."

"நேத்து சொன்னியே, அது டீச்சர் சொல்லச் சொன்னதா? அத்தை சொல்லச் சொன்னாங்களா?"

காந்திமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளை அன்றைக்குத்தான் ஒருத்தி சந்தேகப்பட்டாள். உப்புக்காரருக்கும் தர்பூசணிக்காரனுக்கும் வலித்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று சொன்னால் பொய். அவள் முகத்தில் பயம் மட்டும்தான் இருந்தது.

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "யாரும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"அப்ப இத்தினி நாளா ஏன் சொல்லல? நேத்து மட்டும் ஏன் சொன்ன?"

அச்சு அசல் அம்மாவின் கேள்வி. இதற்கு என்னதான் பதில் சொல்வாள் என்று கரண்டியோடு நின்றேன். காந்திமதிக்கு இரண்டே வழி. ஒன்று, உடம்பு நெருப்பாய்ச் சுடுகிற பிள்ளையிடம் பேசாமல் வாயை மூடிக்கொள்வது. இன்னொன்று, எந்த வாய் இரண்டு பிள்ளைகளைத் தின்றது என்று அவள் நம்புகிறாளோ அந்த வாயைத் திறந்து மூன்றாவதன் முகத்துக்கு நேராகவே பேசுவது.

"கொழாயில தண்ணி புடிக்கிறப்போ" என்று ஆரம்பித்தாள். "அந்த மாசிலாமணி தாத்தா கொடத்தை மொதல்ல வச்சிட்டு, நீ பின்னால போய் நிப்ப. அவரு கேக்கறதுக்கு முன்னாடியே செய்வ. நான் ஜன்னல்ல பாத்துக்கினு இருப்பேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிள்ளையின் வயிற்றில் இருந்த கையைப் பார்த்தாள். அது ஏறி இறங்கியது.

"மழையில நாம ரெண்டு பேரும் வந்தா, நீ முன்னால போய்த் தண்ணியில காலை வச்சிப் பாத்துட்டு, இங்க வாம்மா, இங்க பள்ளமில்லன்னுவ."

மறுபடி நிறுத்தினாள். மறுபடி மூச்சு வந்தது.

"மீனைக் கழுவிக் குடுத்தீன்னா ஒரு செதிலு இருக்காது. நான் வேணும்னே தேடுவேன். இருக்காது. மில்லுலருந்து வந்து நான் படுத்துக்கினா தட்டைச் சத்தமில்லாம கழுவுவ. நான் தூங்கலடி. கேட்டுக்கினுதான் இருப்பேன்."

ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள். நான் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றேன். மில்லில் சொத்தையை மட்டும் பொறுக்குகிற கண் என்று நான் நினைத்தது எவ்வளவு பைத்தியக்காரத்தனம். நல்லது ஒன்றுவிடாமல் பார்த்து வைத்திருக்கிறாள் கள்ளி.

ரோஜா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "இதெல்லாம் நீ பாத்தியா?" என்றாள்.

"பின்ன?"

பிறகு, "இன்னும் கீதா?" என்று கேட்டாள்.

காந்திமதி என் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி ஊதினாள். "கீது, நெறைய கீது. வாயத் தொற. குடிச்சிக்கினே கேளு."